ஒற்றுப்பிழை இல்லாத நோட்டீஸ்

விளக்குக் கம்பத்தில் ஒட்டியிருந்ததை
இரண்டு முறை படித்தேன்.
"மாற்று இடத்திற்குக் குடிபெயர" என்று இருந்தது.
அந்தக் 'க்' என்னுடையது.
நான்காம் வேற்றுமைக்குப் பின் வல்லினம் மிகும் என்று
காசிமேட்டு ஐஸ் பேக்டரி மாடியில்
அம்மோனியா நெடியில் இருமிக்கொண்டே
ஆறு வருஷம் சொன்ன வாய் இது.

கீழே பச்சை மை.
தே. பூபேஷ்.
பெயரிலேயே அரசன்.
குரூப் ஒன் எழுதித் தேறியபோது
முதலாளி எனக்கு ஒரு பெட்டி வஞ்சிரம் அனுப்பினார்.
லைன் முழுக்க அன்று குழம்பு.

முதலாளி தேசப்பனின் ஷோகேஸில்
சிவப்பு அட்டைப் புத்தகங்கள் நாலடி நீளத்துக்கு இருந்தன.
சோபா நிறத்துக்குப் பொருந்துமென்று
எடைக்கு வாங்கியவை.
பையன் வாய்ப்பாடு எழுதும் நேரத்தில்
ஒன்றை உருவினேன்.
ஃபொன் ஹாகென்ரீத்,
ஜெர்மானிய ஜெனரல் ஒருவரின் வாழ்க்கை.

வனக்காவலர் மகன். பதினேழில் பட்டாளம்.
ஆயிரத்து எண்ணூற்று நாற்பத்தொன்பதில்
ஏதோ ஒரு பாலத்தடியில்
குண்டு அவர் முழங்காலைத் தின்றது.
நொண்டும் சிப்பாயை வைத்து என்ன செய்வது?
அரண்மனைக்கு அனுப்பினார்கள்,
ஏழு வயது இளவரசனுக்கு வாத்தியாராக.
இன்று எந்த வரைபடத்திலும் இல்லாத ராஜ்ஜியம்,
புழல் ஏரியைவிடக் கொஞ்சம் பெரிசு என்று
நானாக நினைத்துக்கொண்டேன்.

ரொட்டியை வெட்டி முக்கோணம் காட்டினார்.
தன்னால் ஏற முடியாத குதிரையில்
அவனை ஏற்றிவிட்டார்.
ஈயச் சிப்பாய்களை நிறுத்திப் போர் நடத்தும்போது
ஒரே சட்டம்:
விழுந்தவனை எழுப்பக் கூடாது.
இன்றைக்கு மட்டுமில்லை,
நாளைக்கும் கூடாது.
மகாராணி இரண்டு கடிதம் எழுதினாள்.
பையன் சாப்பிடாமல் கிடந்தான்.
மனிதர் மசியவில்லை.
கடைசியில் பதினொரு சிப்பாய் மிஞ்சினார்கள்.
அப்புறம் அந்தப் பெட்டியை யாரும் திறக்கவில்லை.

அவன் ராஜாவானான். அவரை ஜெனரலாக்கினான்.
அறுபத்தாறில் சுற்றிலும் எல்லாரும் சண்டைக்குக் கிளம்ப
இவனும் போனான்தான்.
மூன்றாம் நாள், ஜெயிக்க இன்னும் வழி இருக்கும்போதே,
வெள்ளைக்கொடி ஏற்றச் சொன்னான்.
ராஜ்ஜியம் போயிற்று.
நாலாயிரம் பேர்
சேறு அப்பிய பூட்ஸோடு வீட்டுக்கு நடந்தார்கள்.
ஜெனரலைத் தெருவில் பார்த்துத் துப்பினார்கள் சிலர்.
அவர் பேரிக்காய் மரம் வளர்த்தார்.
கடைசி அத்தியாயத்தில் பேரிக்காய் பற்றித்தான் நிறைய.

நேற்று பூபேஷ் ஜீப்பில் வந்தான்.
டிரெய்லர் லாரிகளுக்கு நடுவே
கர்ச்சீப்பால் மூக்கைப் பொத்திக்கொண்டு இறங்கினான்.
"மிஸ், பெரும்பாக்கத்துல உங்களுக்கு மட்டும்
கிரவுண்ட் ஃப்ளோர் சொல்லிட்டேன்.
உங்க முட்டி வலி ஞாபகம் இருக்கு."
நல்ல பையன்தான்.
லைனில் இருநூற்றுப் பன்னிரண்டு வீடு.
பின்னால் நின்ற பர்லோமாவின் புருஷன்
"எங்களுக்கு இன்னா சார்?" என்றான்.
அவன் கடலைப் பார்த்தான்.

மூட்டை கட்டும்போது
திருப்பிக் கொடுக்காத அந்தச் சிவப்புப் புத்தகம்
அரிசி டின்னுக்குப் பின்னால் கிடைத்தது.
பக்கம் நூற்றுப் பதினாலில்
ஐஸ்கிரீம் குச்சி, நான் வைத்த அடையாளம்.

அவனிடமும் இருந்தார்கள் சிப்பாய்கள்.
பர்மா பஜார் சரக்கு, பச்சைப் பிளாஸ்டிக்,
ஒரு பை நூறு ரூபாய்.
பக்கம் நூற்றுப் பதினாலைப் படித்த சூட்டில்
நானும் அந்தச் சட்டத்தைப் போட்டேன்.
அரைமணியில் அவன் பக்கம் முழுக்க விழுந்துவிட்டது.
உதடு பிதுங்கியது.
"நான்தானே ராஜா, நான் எழுப்பிக்கக் கூடாதா மிஸ்?"
கீழே முதலாளியின் பைக் சத்தம்.

அன்று ஐந்தாம் தேதி.
சம்பளம் இன்னும் கைக்கு வரவில்லை.

எழுப்பிக்கோ என்றேன்.