கையுறை

இன்றிரவு உறைபனி என்கிறது வானொலி.
லேடா ஆற்றின் மேல் காற்று திசை மாறிவிட்டது.
தொட்டியில் நிற்பவள் இதைத் தாங்க மாட்டாள்.

ஊமத்தைக்கு ஒன்றுவிட்ட அக்காள்.
அது வானம் பார்க்கும், இவள் மண் பார்ப்பாள்.
தலைகீழாய்த் தொங்கும் பதினேழு வெள்ளைப் பூக்கள்
பகலெல்லாம் வாயடைத்திருந்துவிட்டு
தூக்குப்பாலத்தின் கடைசி மணி ஓய்ந்தபின்
தெருமுனைவரை மணக்கும்.
நாலு வருஷம் முன்
தண்ணீர்ப் புட்டியில் வேர்விட்ட ஒரு சாண் குச்சி.
ஒரு வேளை நீர் மறந்தால் போதும்,
இலையெல்லாம் துவண்டு
செத்தவள்போல் நடிப்பாள்.

வேரிலிருந்து விதைவரை நஞ்சு.
தெரிந்துதான் வளர்த்தேன்.
அப்போது இந்த வீட்டில்
எதையும் வாயில் வைத்துப் பார்க்கும் ஆள் இல்லை.

இப்போது யெல்டே தவழ்கிறான்.
சாவி, செருப்பு, பூனையின் வால்
எல்லாம் அவனுக்கு முதலில் தீனி,
பிறகுதான் பொருள்.

ஆகஸ்டில் கிளை கழித்த கையோடு
கண்ணைக் கசக்கிவிட்டேன்.
மூன்று நாள்
இடது கண்மணி மட்டும் அகலத் திறந்தே கிடந்தது.
மூளையில் கசிவோ என்று படமெடுத்தார்கள்.
நகக்கண்ணில் பச்சையைப் பார்த்த இளம் மருத்துவர்தான் கேட்டார்:
"தோட்டத்தில் என்ன வைத்திருக்கிறீர்கள்?"
வீடு திரும்பியதும்
யெல்டே என் மடியேறி
அந்த ஒரு கண்ணையே பார்த்துக்கொண்டிருந்தான்.
உள்ளே இன்னொரு பிள்ளை
இருட்டில் நிற்பதாக நினைத்தானோ என்னவோ.

"வெட்டிப் போட்டுவிடு" என்றான் ஓக்கோ.
கத்தவில்லை.
தேநீரில் கற்கண்டு விரிசல்விடும் சத்தத்தைவிட
மெதுவாகத்தான் சொன்னான்.
நான் பதில் சொல்லவில்லை.
கத்தரியை எடுத்துக்கொண்டு வெளியே போனேன்.

கையுறை போட்டு
பூக்களை ஒவ்வொன்றாய்ப் பைக்குள் இறக்கினேன்.
இலை, இளங்கிளை, எல்லாம்.
இடுப்புயரக் கட்டை மிஞ்சியது.
அதைத் தள்ளுவண்டியில் ஏற்றிக் கரைமேட்டுவழி போனேன்.
சக்கரம் கிறீச்சிட்டது. ஆடுகள் நகரவில்லை.

ஃப்ராவ்கே தன் பழைய சரக்குப் படகில் தனியாக இருக்கிறாள்,
இருபத்தாறு வருஷம் தூர்வாரியில் மெக்கானிக்.
எஞ்சின் அறையில் கயிற்றுச் சுருளைத் தள்ளி இடம் செய்தாள்.
"கடிக்குமா?" என்றாள்.
"நீ கடிக்காதவரை."

ஜனவரியில் ஒரு ராத்திரி தொலைபேசி:
"உன் ஆள் பூத்துவிட்டாள். ஒன்றே ஒன்று.
தலை கனக்கிறது, ஜன்னலைத் திறந்துவைத்துப் படுக்கிறேன்.
மூடவும் மனசில்லை."
ஓக்கோவிடம் பால் வாங்கப் போவதாகச் சொன்னேன்.

டீசல் வாடைக்கு நடுவே
வெளுத்து, நீண்டு, வெட்கமில்லாமல் தொங்கியது.
தொடக்கூடாது என்றுதான் போனேன்.

ஆற்றோரக் குழாயில் முழங்கைவரை கழுவினேன்.
தண்ணீர் எலும்பைக் கடித்தது.
வீட்டில் சோப்புப் போட்டு மறுபடி கழுவினேன்.
யெல்டே என் சுட்டுவிரலைப் பிடித்து
மோந்து பார்த்து
சிரித்துக்கொண்டே வாயருகே கொண்டுபோனான்.

இன்னொரு முறை கழுவப் போனேன்.
பால் எங்கே என்று
ஓக்கோ கேட்கவில்லை.