குசினிக்கு யன்னல் இல்லை

ரொக்கிங்ஹாமில் இருந்து இறங்கும்போது
தரையெல்லாம் சாப்பாடு.
தக்காளி டின், பீச் டின், பால்மா டின்
வரிசையாய் அடுக்கி மேலே பலகை போட்டு
அதன்மேல்தான் நடக்கிறோம் ஐம்பத்தெட்டுப் பேரும்.
முதல் கிழமை எல்லோருக்கும் கூன்.
தின்னத் தின்னக்
கூரை உயரும்.

என் பெயர் சவுந்தரநாயகம்.
சட்டையில் தைக்க இடம் காணாது என்று
ஸ்டோர்க்காரன் பாதியில் வெட்டினான்.
மிச்சம் நாயகம்.
முட்டை கேட்க வருகிறவர்களுக்கு
அதுவும் நீளம். "நாய்" என்கிறார்கள்.
அதற்கு என்ன பொருள் என்று
இன்னும் நான் சொல்லவில்லை.

குசினி என் இரண்டு கையை விரித்தால் முடிந்துவிடும்.
நானும் ஹெய்டன் ப்ரூக்ஸும் உள்ளே நின்றால்
ஒருவர் மூச்சை விட்டால்தான்
மற்றவர் இழுக்கலாம்.
இரவு மூன்று மணிக்குப் பாண் சுடுவோம்.
மூன்று மணி என்பது கடிகாரம் சொல்வது.
இரவு என்பது நாங்கள் சொல்வது.
எவ்வளவு சுட்டாலும் பாணுக்குள்
கொஞ்சம் டீசல் வாசம்.

கிழமையை யாரும் கேட்பதில்லை.
"மீனா?" என்பார்கள். மீன் என்றால் வெள்ளி.
பீட்சா என்றால் சனி.
ஒருமுறை மீன் உறைந்து கல்லாய்க் கிடந்தது,
வெள்ளியிலேயே பீட்சா போட்டுவிட்டேன்.
டோர்பிடோவுக்குப் பக்கத்தில் படுக்கிற பொடியன் ஒருவன்
தன் கலண்டரில் இரண்டு கட்டத்தை வெட்டி
ஒரு நாள் முந்தியே வீட்டுக்குக் கிட்டப் போய்விட்டான்.
அந்த நாளை அவனிடமிருந்து
திருப்பி வாங்க எனக்கு மனம் வரவில்லை.

லெட்டூஸ் ஒன்பதாம் நாள் முடிந்தது.
வாழைப்பழம் பதினோராம் நாள், கறுத்து, கேக்காகி.
முட்டைகளைக் கிழமைக்கு ஒருமுறை
தலைகீழாய்த் திருப்பி வைக்கிறேன்,
தொட்டில் பிள்ளையைப் புரட்டுவது மாதிரி.
வெங்காயம் மட்டும் கடைசிவரை கூட நிற்கும்.

வடக்கே ஓரிடம். ஆழம் குறைந்த கடல்.
எங்கே என்று கேட்காதீர்கள்.
சத்தம் கூடாது என்று உத்தரவு.
காற்றாடிகள் நின்றன. சலவை நின்றது.
கரண்டிகளைத் துவாயில் சுற்றினோம்.
அடுப்பில் பருப்பு வெந்து நின்றது,
எண்ணெய் காய்ந்தது,
என் உள்ளங்கையில் கடுகு.
கடுகு வெடித்தால் எதிரிக்குக் கேட்கும் என்று
எந்தப் புத்தகத்திலும் இல்லை.
இருந்தாலும் ஐம்பத்தெட்டு உயிர்.
கடுகைப் போத்தலில் திருப்பிக் கொட்டினேன்,
ஒவ்வொன்றாய்.

பதினெட்டு மணித்தியாலம்.
சப்பாத்தைக் கழற்றிவிட்டு
சாண்ட்விச் தட்டோடு சோனாருக்குப் போனேன்.
பிலார்ஸ்கி என் முகத்தைப் பார்த்தாள்,
ஒரு பக்கச் செவிக்கருவியைக் கழற்றி
என் காதில் வைத்தாள்.

படபடவென்று
காய்ந்த எண்ணெயில்
ஒரு கைப்பிடி அல்ல, ஒரு மூட்டை,
நிற்காமல், நாலு திசையும்.

தாளில் எழுதிக் காட்டினாள்: இறால்.
சுண்டுவிரல் நீளம்கூட இல்லாதது,
ஆயிரக்கணக்கில் அடியில் கிடந்து
கொடுக்கைச் சொடுக்குகிறதாம்.
நாங்கள் மூச்சைப் பிடித்துக் கிடக்க
அதுகளுக்கு யாரும் உத்தரவு சொல்லவில்லை.
எனக்குச் சிரிப்பு வந்தது.
சிரிப்பும் சத்தம்தானே.
தட்டை வைத்துவிட்டு வந்து
ஆறிய பருப்பைத் தாளிக்காமலே
வழித்துச் சாப்பிட்டேன்.

வீட்டில் தயாபரன் என் உடுப்பை
கராஜில் வைத்து மூன்று தரம் தோய்க்கிறார்.
கடையில் லெட்டூஸ் முன்னால்
நான் நெடுநேரம் நிற்கிறேனாம்.
பின்னேரம் கடற்காற்று யன்னலைத் தள்ளுகிறது,
அவர் சட்டியில் கடுகு போடுகிறார்,
நான் பாய்ந்து மூடியை அமத்துகிறேன்.

"என்னப்பா?"

ஒன்றுமில்லை.
இன்றைக்கு என்ன கிழமை?

கையை எடுத்தபோது
கடுகு வெடித்து முடிந்திருந்தது.