மூன்று நொடிப் பச்சை

ரோஹுக்குலா துறையில்
கடைசிப் படகுக்கு முன்னால்
இரண்டு வண்டிகள், ஒரே இடம்.
இருவர் கையிலும் சீட்டு,
இரண்டிலும் இருபத்தேழு.
வைக்கோல் ஏற்றி வந்தவர் இறங்கிச் சண்டை போடவில்லை.
வைப்பர் மட்டும் பனியைத் தள்ளிக்கொண்டே இருந்ததாம்.

தாலினில், நான்காம் மாடியில்,
மாரிக்கா திரையைத் திருப்பிக் காட்டினாள்.
நானூற்றுப் பன்னிரண்டு சோதனைகள்,
மூன்று நொடி,
அத்தனையும் பச்சை.
"எங்கள் பக்கம் தவறில்லை" என்று
துறைமுகத்துக்கு எழுதியாயிற்று.
எழுதியது நான். பெயர் போட்டு.

கட்டணக் கணக்கைச் சோதிப்பது சுலபம்.
பெரியவர் இருவர், குழந்தை ஒன்று, ஒரு நாய்:
கேட்ட வாய் மூடுமுன் விடை.
எதிரில் நின்று சில்லறை எண்ணி வாங்குவது போல.

இடம் பிடிப்பது அப்படியில்லை.
கேள்வி கிளம்பிப் போகிறது,
கடலடிக் கம்பி வழியே, தீவுக்கு.
அங்கே ஒரு சர்வர் தூக்கக் கலக்கத்தில் ஏடு புரட்டி
'இல்லை' என்று சொல்லவும் நேரமாகும்.
சோதனைக்கென்று நாங்கள் செய்த போலித் தீவும்
தாமதித்துத்தான் பேசும்;
அப்படித்தான் பழக்கியிருந்தோம்.

மூன்றேகாலுக்கே இருட்டிவிட்டது.
கறுப்பு ரொட்டியை மென்றபடி ஊர்மாஸ்,
"ஒன்றை வேண்டுமென்றே தப்பாக எழுது" என்றான்.
எழுதினாள்:
கடைசி இடத்தை இருவர் கேட்டால்
இருவருக்கும் கிடைக்க வேண்டும்.
ஓட்டினாள். பச்சை.
எழுதினாள்:
இந்தப் படகில்
ஒன்பதாயிரம் யானைகள் ஏறலாம்.
பச்சை.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை.

இடம் கேட்கும் சோதனைகள் எல்லாம்
புகுந்து போகும் முப்பத்தெட்டாம் வரியில்
இல்லாத ஒரு சொல் அப்போதுதான் கண்ணில் பட்டது:
காத்திரு.
அது இல்லாததால்
கேள்வியைக் கேட்டுவிட்டு,
பதில் படியேறும் முன்பே கதவைப் பூட்டி,
எல்லாம் சரி என்று எழுதிவைத்துவிட்டு
வீட்டுக்குப் போயிருக்கிறது சோதனை.
பொய் சொல்லவில்லை அது.
மறுப்பு எதுவும் காதில் விழவில்லை,
அவ்வளவுதான்.

ஆக்கப் பொறுத்தவருக்கு
ஆறப் பொறுக்கவில்லை என்பார்கள்.
நாங்கள் அடுப்பே மூட்டாமல்
வாய் துடைத்துக்கொண்டவர்கள்.

மாரிக்கா அந்தச் சொல்லைத் தட்டினாள்.
ஓட்டினாள்.
திரையில் புள்ளிகள் நின்று நின்று நகர்ந்தன.
ஐந்து நொடி.
எட்டு.
ஊர்மாஸ் மெல்லுவதை நிறுத்தினான்.
பதினொன்றில்
சிவப்பு.
ஒன்பதாயிரம் யானைகளும் வரிசையாக இறங்கின.
அவற்றின் பின்னால், நாங்கள் பல மாதமாக நம்பியிருந்த
பதினேழு சோதனைகள்.
மாரிக்கா சிரித்தாள், வாய்விட்டு.
இத்தனை சிவப்பைப் பார்த்து
ஒருவர் சிரித்து நான் கண்டதில்லை.

துறைமுகத்துக்கு மறுபடி எழுதினேன்:
தவறு எங்களுடையது.
அனுப்பிவிட்டு மடிக்கணினியை மூடப் போன கை
பாதியில் நின்றது.
உட்கார்ந்திருந்தேன்.

ஏழேகாலுக்கு வந்தது:
"அவர் காலைப் படகில் போய்விட்டார்.
ராத்திரி முழுக்கப் பசியோடு நின்றவை
அவருடைய குதிரைகள்.
அவற்றுக்கு என்ன எழுதட்டும்?"