பதிமூணு கிலோ நானூறு

கீழமாசி வீதிக்குப் பிள்ளைகளோடு போவதென்றால்
வயிறு நிரம்பியிருக்க வேண்டும்.
என் வயிறில்லை, அவர்களுடையது.
ஆளுக்கு மூன்று இட்லி,
ஒன்பதரைக்குள் ஷேர் ஆட்டோ,
சர்வேஷின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை
பால்பாயிண்ட் பேனாவில் பத்து இலக்கம்.
இது யார் நம்பர் என்று கேட்டால்
"என் நம்பர்" என்பான்.
இருக்கட்டும். யாராவது அழைத்தால் சரி.

போன மாதம் விளக்குத்தூண் அருகே
அவன் நடுரோட்டில் படுத்துக்கொண்டான்.
பலூன்காரர்கூட என் பக்கம்தான் பேசினார்.
நைட்டி வாங்க வந்த ஒரு பெண்
"நாலு போட்டாத்தான் கேக்கும்" என்றாள்.
யாருக்கு என்று சொல்லவில்லை.

அதனால் இந்த முறை
பட்டியலை மிதுஷாவிடம் விட்டுவிட்டேன்.
எழுத்து இன்னும் வரவில்லை, வரைந்தாள்.
துவரம்பருப்புக்கு மஞ்சள் புள்ளிகள்.
சோப்புக்கு ஒரு கட்டம், கட்டத்துக்கு ஒரு மூக்கு.
மிளகாய் வற்றலுக்கு
நாக்கை நீட்டிக்கொண்டிருக்கும் தம்பி.
கடைசியில் நான்கு கால்களோடு ஏதோ ஒன்று.
ஆடா என்றேன்.
முறைத்தாள்.

பொம்மைக்கடை வருமுன்
தெருவின் அங்கிட்டுக்கு மாறினோம்.
அங்கிட்டும் ஒன்று புதிதாகத் திறந்திருந்தார்கள்.
நல்லவேளை, லோடு வண்டி ஒன்று வந்து
கடையை மறைத்து நின்றது.
டிரைவருக்குப் புண்ணியமாகப் போகட்டும்.

பால்துரை அண்ணாச்சி தாளை
இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தார்.
"தம்பி நாக்கு எத்தன பாப்பா, கால் கிலோவா?"
"அரைக் கிலோ."
நாங்கள் எப்போதும் கால் கிலோதான்.
நான் வாயைத் திறக்கவில்லை.

சின்னவனுக்கும் ஒரு வேலை வேண்டுமே.
பெருங்காய டப்பாவைக் கொடுத்து
கீழே விழுந்தால் நாளைக்கு ரசம் கிடையாது என்றேன்.
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டான்.
என் சேலையை இழுக்க
அவனிடம் கை மிச்சமில்லை.

மூட்டை நிறுக்கும் தராசில்
கடைப்பையன் அவனைத் தூக்கி உட்காரவைத்தான்.
பதிமூணு கிலோ நானூறு.
"டப்பாவோட" என்றார் அண்ணாச்சி,
"பெருங்காயத்தக் கழிச்சுத்தான் பில்லு."
எல்லோரும் சிரித்தோம்.
சிரித்து முடித்தபோதுதான் இடுப்புக்கு உறைத்தது,
மூன்று வருடமாக இது என்ன பாரம் என்று.
பத்துக் கிலோ அரிசிக்கே
வீடு வரை ஆள் அனுப்புகிறார்கள்.

பட்டியலின் கடைசிக்கு வந்தார்.
நாலு கால். தலை கிடையாது, வால் கிடையாது.
"என்னம்மா இது, மேசையா?
நம்ம கடையில அது இல்லையே."
"ஸ்டூலு" என்றாள்.
"அம்மா நின்னுக்கிட்டே இருக்கும்ல."

கல்லாவுக்குப் பின்னாலிருந்து
சிவப்பு பிளாஸ்டிக் ஸ்டூல் ஒன்று வந்தது,
ஒரு கால் கொஞ்சம் ஆட்டம்.
உட்கார்ந்தேன்.
அண்ணாச்சியிடம் பேனா வாங்கி
அந்த நாலு காலையும் சேர்த்து
ஒரே கோடாக அடித்தாள்,
வாங்கியாச்சு என்பதற்கு.

வீட்டுக்கு வந்துதான் பார்த்தோம்,
சோப்பு மறந்துபோயிருந்தது.
கோடு விழாத கட்டம்,
மூக்கோடு எங்களையே பார்த்துக்கொண்டு.