நே

மூன்று நாடுகள் ஒரே ஆற்றில்
கால் நனைக்கும் பக்கம்.
எதிர்னே, வெள்ளிச் சந்தை, ஜனவரிக் குளிர்.
நெசிஹேயின் கடையில் மிஞ்சியது ஒரே பஞ்சுப் போர்வை,
மாதுளைத் தோல் நிறம்.
ஒரு முனை பல்கேரியாவிலிருந்து வந்த ருமியானாவின் பிடியில்,
மறுமுனை கிரேக்கத்து ஸ்தமாத்திஸிடம்.

எடுத்துக்கொள்கிறீர்களா?
அவர் புருவம்தான் கேட்டது.
"நே" என்றாள். இல்லை என்று சொன்னாள்.
அவர் ஊரில் நே என்றால் ஆமாம்.
விட்டுவிட்டார்.
நெசிஹேக்கோ நே என்றால் என்ன?
என்னவா? தொள்ளாயிரம் லிரா.

"நே."
காது மந்தம் போலும் என்று
விரல் மடக்கிக் காட்டினாள், எண்ணூற்றைம்பது.
"நே, நே."
எண்ணூறு, போ.

இந்த விலைக்கு யார் விடுவார்?
ருமியானா தலையை இடவலமாக ஆட்டினாள்,
அவள் நாட்டில் அதுதான் சம்மதம்.
நெசிஹே பெருமூச்சு விட்டு
எழுநூற்றைம்பது என்று
சணல் கயிற்றால் கட்டியே விட்டாள்.

பல்கேரிய நே மிகப் பழைய மறுப்பாம்,
வடமொழி 'ந'வுக்குத் தூரத்துச் சொந்தம்.
கிரேக்கர் நை என்று எழுதி நே என்று வாசிக்கிறார்கள்.
துருக்கியின் சொந்தச் சொற்களில்
நகரத்தில் தொடங்குவது
இந்த நேயும் இதன் பிள்ளைகளும்தானாம்.
ஒரே முகம், மூன்று தாய்கள்.
இதெல்லாம் அகராதிக்காரர் கவலை.

மூட்டை கனம். தூக்கட்டுமா என்று
ஸ்தமாத்திஸ் கை நீட்டினார்.
"நே" என்றாள் கூச்சத்தோடு.
அவர் தூக்கிக்கொண்டார்.
வழி நெடுக அவள் பின்னாலேயே,
மூட்டையை மீட்கும் அவசரத்தில் முதலில்,
பிறகு அவசரமில்லாமல்.

வண்டி நிலையத்தில் சன்னலைத் திறந்து
தெரிந்த நாலு துருக்கிச் சொற்களில் கேட்டாள்:
அடுத்த வெள்ளி, சந்தை, நீங்கள்?
அவர் மேலும் கீழும் தலையசைத்து, உரக்க,
"நே!"

அவள் காதுக்கு அது இல்லை.
கண்ணுக்கும் இல்லை.
கண்ணாடியை ஏற்றிக்கொண்டாள்.

தமிழின் ஓரெழுத்துச் சொற்களில்
நே என்றால் அன்பு.
அந்த நிலையத்தில்
தமிழ் தெரிந்தவர் யாருமில்லை.
வண்டி புறப்பட்டது.
மடியில் போர்வை,
கயிற்று முடிச்சில் மாட்டியபடி
ஸ்தமாத்திஸின் ஒற்றைக் கையுறை.