நாற்பத்தொரு மில்லிகிராம்

டப்பா மூடியில் எண் மட்டும்தான். பெயர் எழுதக் கூடாது.
ஆனாலும் இருநூற்றுப் பதினேழு கனிசியுஸ் என்று எனக்குத் தெரியும்.
விடியுமுன் ஓடிவந்து
தன் மரத்தின் முதல் பழத்தைத் தருகிறவன் போல
இரண்டு கையாலும் நீட்டியவன் அவன்தான்.

ஃப்ளோரஸ் தீவு. எண்டே ஊருக்கு மேற்கே
மலை கடலுக்குள் காலை நீட்டும் ரோட்டில்
சுகாதார நிலையத்தின் பின்னறை.
ஜெனரேட்டர், மேசை, நுண்ணோக்கி,
பச்சைச் சாயத்தில் ஊறிய செலோபேன் துண்டுகள்.
நாற்பத்தொரு மில்லிகிராம் மலம்
அச்சில் நிரப்பி, வழித்து, கண்ணாடியில் அமுக்கு.
கொக்கிப்புழுவை அரைமணிக்குள் பார்த்துவிடு,
பிறகு அது கரைந்துபோகும்.

மூக்கு மூன்றாம் நாளே பழகிவிட்டது.
கண்தான் பழக மறுக்கிறது.
நாக்குப்பூச்சியின் முட்டை சீத்தாப்பழத் தோல் போர்த்தியிருக்கிறது.
சாட்டைப்புழுவினுடையது இரு முனையும் அடைத்த பீப்பாய்.
கொக்கிப்புழுவினுடையதோ கண்ணாடி,
உள்ளே நாலு உருண்டை,
ஒரே கொசுவலைக்குள் நாலு பிள்ளைகள் படுத்தது போல.
அழகு என்று சொல்ல வெட்கமாயிருக்கிறது.
அழகுதான்.

இருநூற்றுப் பதினேழு:
நானூற்று முப்பதில் கட்டைவிரல் மரத்துப்போனது.

அவன் கையில் மூன்று துளி வைத்துக் குத்தினோம்:
தூசிப்பூச்சி, கரப்பான், வெறும் உப்புநீர்.
பதினைந்து நிமிஷம் ஆகியும் ஒன்றும் எழும்பவில்லை.
கரப்பானோடு ஒரே பாயில் படுக்கிறவன்,
மீன்கூடைக்குப் பின்னால் ஓடினாலும்
மூச்சு வாங்காதவன்.

உடம்புக்குள் கோபமில்லாமல் இல்லை,
டாக்டர் விலிப்ரோர்துஸ் சொல்கிறார்.
உள்ளே குடியிருப்பது அதைத் தட்டிக்கொடுத்து
சும்மா இரு, சும்மா இரு என்கிறதாம்.
வாடகை தராத குடித்தனம்,
வீட்டுக்காரனையே தூங்கவைக்கிறது.
தூங்கத்தான் செய்கிறான் கனிசியுஸ், இரண்டாம் பாடவேளையில்.
இமையைக் கீழே இழுத்துப் பார்த்தேன்,
சோறு வடித்த கஞ்சியின் நிறம்.
டீச்சர் அவனைச் சோம்பேறி என்று எழுதியிருக்கிறார்.

இரவு எட்டு மணிக்கு சுரபாயாவிலிருந்து எர்மெலின்டா.
என் மகள், ஒன்பது வயது, நாத்தனார் வீட்டில் படிக்கிறாள்.
டைல்ஸ் தரை. வாசலில் செருப்பு, உள்ளே வேறு செருப்பு.
வருஷத்துக்கு இரண்டு தடவை
பூச்சி மாத்திரையை நானே அவள் நாக்கில் வைத்திருக்கிறேன்.
அம்மா என்கிறாள், அதற்குப் பின்னால்
யாரோ மூங்கிலை ஊதுகிறார்கள்.
நீல இன்ஹேலர் குலுக்கும் சத்தம்.
பிறகு நாங்கள் பேசுவதில்லை.
கடிகாரத்தைப் பார்த்தபடி கேட்கிறேன்.
பகலில் முட்டை எண்ணுகிறேன்,
இரவில் மூச்சு.

ஒரு நாள் கையுறையைக் கழற்றும்போது நினைத்தேன்,
லீவுக்கு இங்கே வரட்டும்,
செருப்பில்லாமல் விடுவோம் என்று.
அந்த நினைப்பு வந்த கையை
சோப்பு தீரும்வரை தேய்த்தேன்.

மறுநாளே யுஸ்தினாவின் கடைக்குட்டி வந்தான்,
வாரமாய் இருமல்.
குஞ்சுப் புழுக்கள் நுரையீரல் ஏறித்தான்
வயிற்றுக்கு இறங்குகின்றனவாம்,
அவன் நெஞ்சிலும் அதே மூங்கில்.
அப்படியானால் எது தட்டிக்கொடுக்கிறது, எது தட்டி எழுப்புகிறது?
டாக்டர் தலையைச் சொறிந்தார்.
அவரை எனக்குப் பிடித்ததே அன்றுதான்.

ஒரு வருஷம் இரண்டு பெட்டி மாத்திரை.
ஒன்றில் மருந்து, மற்றதில் மாவு.
எது எதில் என்று கொடுத்த எனக்கும் தெரியாது,
விழுங்கிய பிள்ளைகளுக்கும் தெரியாது.
மெய்யோ பொய்யோ, நன்றி மட்டும்
எல்லாரும் ஒரே மாதிரி சொன்னார்கள்.

ஆய்வு முடிந்த அன்று எல்லாருக்கும் மெய்.
கனிசியுஸ் முகம் சுளித்து விழுங்கினான்.
அவனை உட்காரவைத்து முதுகில் காதை வைத்தேன்,
யாரும் என்னை அப்படிச் செய்யச் சொல்லவில்லை.
தெளிந்த காற்று போய் வந்துகொண்டிருந்தது.

மூன்றாம் நாள் வாசலிலிருந்தே கத்தினான்:
"பதினொன்று! நானே எண்ணினேன். எழுதிக்கொள்ளுங்கள்!"
வலையில் விழுந்த மீனை எண்ணிய குரல்.

படிவத்தில் அதற்குக் கட்டமில்லை.
ஓரத்தில் எழுதினேன்: பதினொன்று.
அதன் கீழேயே, பேனாவை மூடாமல்,
முந்தின இரவு என் மகளுடையது:
நிமிஷத்துக்கு முப்பத்திரண்டு.