ஒற்றைக் கொடுக்கு

மார்த்தாண்டம் தேன் சங்கத்து மாடியில்
இன்றைக்கு ஊசி.
எடவப்பாதிக்கு இன்னும் ஒன்பது நாள் என்று
ரேடியோ சொன்னதை நம்பி
நாற்பத்தேழு பேர் வாசலில் செருப்பைக் கழற்றியிருக்கிறோம்.
ஏன் கழற்றினோம் என்று யாருக்கும் தெரியாது.
முதலில் வந்தவர் கழற்றியிருக்கிறார்.

எனக்கு முன்னால் வேர்கிளம்பி வறுவேல்.
முப்பது வருஷமாய் முகவலை இல்லாமல் அடை எடுக்கிறவர்.
கண்ணிமையில் கொட்டினாலும்
கொடுக்கை நகத்தால் சுரண்டிவிட்டுப்
பீடி பற்ற வைக்கிறவர்.
இப்போது சட்டைக்கையைச் சுருட்டுகிறார், இறக்குகிறார்,
மறுபடியும் சுருட்டுகிறார்.
"ஒண்ணுக்குப் போயிட்டு வாறேன்" என்றார்.
வரவில்லை.

எனக்குச் சிரிப்பு வந்தது.
உள்ளங்கை ஈரமாக இருந்தது.

போன ஆடியில் சாதாச் சளி என்றுதான்
சுக்குத் தட்டிப் போட்டுக் குடித்தேன்.
நாலாம் நாள் மூச்சு
துருத்தி கிழிந்த புகைப்பானைப் போல்
சீறியதே தவிர உள்ளே போகவில்லை.
குழித்துறை ஆஸ்பத்திரி, பதினோரு நாள்.
வெளியே விடாத மழை.
பூவில்லாத மாதம் அது.
பெட்டிக்குப் பெட்டி சிரட்டையில் சீனிப்பாகு ஊற்றி
ஈ முங்கிச் சாகாமலிருக்க
ஈர்க்குத் துண்டு மிதக்கவிட வேண்டும்.
முந்திரி ஆலைக்கு லீவு சொன்ன ஏசுவடியாள்
எனக்குக் கஞ்சி ஊற்றுவாளா, ஈக்குப் பாகு ஊற்றுவாளா.
எனக்கு ஊற்றினாள்.
அறுபத்திரண்டில் பத்தொன்பது பெட்டி காலி.
செத்துக் கிடந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.
எழும்பிப் போயிருந்தன,
ஒரு வார்த்தை சொல்லாமல்.

அதற்கும் முன்னால் ஒரு வருஷம் உண்டு.
சங்கத்தில் யாரும் அதைப் பேசுவதில்லை.
ஈப்புழுவுக்கு நோய் வந்த வருஷம்.
அறைக்குள் நீர் கோத்த பையாய் உப்பித்
தலை தூக்கியபடி செத்தன.
ஒரு விளையிலிருந்து இன்னொரு விளைக்கு
அதைச் சுமந்தது நாங்கள்தான்,
இல்லாதவனுக்கு அடை கொடுத்த கைதான்.
ஈக்கு ஊசி கிடையாது.
இருந்திருந்தால்
ஒவ்வொரு புழுவுக்கும் போட்டிருப்பேன்,
ஈர்க்கு முனையால்,
டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு,
விடிய விடிய.

"அடுத்த ஆள் வாங்க."

நர்ஸ் ஜெபசெல்வி
நீலப் பெட்டியின் மூடியைக் கொஞ்சமாய்த் தூக்கினாள்,
எடுத்தாள், சட்டென்று மூடினாள்.
கூட்டின் சூடு போகாமல் நாங்கள் திறப்பதும் இப்படித்தான்.
அவள் காப்பது குளிரை.

"ஈக்காரருக்கு ஊசி என்னத்துக்குப் பயம்?"
"ஈ ஒரு தடவ கொட்டினா செத்துப்போவும் பிள்ளே."
"நான் சாவ மாட்டேன். இன்னும் முப்பது பேருக்குப் போடணும்லா.
கையைத் தளர விடுங்க."

கேட்டேன், இது போட்டால் காய்ச்சலே வராதா என்று.
"வரலாம். வந்தாலும் ஆஸ்பத்திரியில கொண்டு போடாது,
பெரும்பாலும்."
அந்தப் பெரும்பாலும் எனக்குப் பிடித்தது.
இந்த வருஷம் தேன் எவ்வளவு வரும் என்பவர்களிடம்
நானும் எத்தனை கிலோ என்று சொல்லிவிட்டு
அதைத்தான் சேர்த்துக்கொள்வேன்.

"அடுத்த வருஷமும் வரணும்.
அது சட்டை மாத்திட்டு வரும்."
சீட்டில் தேதி எழுதினாள்.
எப்போது குத்தினாள்?

கீழே டீக்கடையில்
வெறுங்காலோடு வறுவேல்.
தார் சுடுகிறது, ஒரு காலை மாற்றி ஒரு காலில் நிற்கிறார்.
வலித்ததா என்று கேட்கவில்லை.
என் கையைப் பார்த்தார், பஞ்சைப் பார்த்தார்,
"எனக்க செருப்பையும் எடுத்திட்டு வந்திருக்கலாம்லா?"

மேலேதான் கிடக்கு ஓய்.
ஏறிப்போய் எடும்.